கட்டிக் கொடுத்த வீட்டு ரத்தம்

ரிங்லெட்

பிரியமுள்ள மகன் புனிதனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் நளினியும் பேத்தி தனுஜாவும் பெர்த்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நாங்களும் நலம் என்று எழுத ஆசைதான், முழுசாக எழுத முடியவில்லை. போனில் பேசினால் "வேலையா இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

தங்கச்சி சசிரேகாவுக்கு மார்பில் ஆபரேஷன் முடிந்து மருந்து ஏற்றுகிறார்கள். முடியெல்லாம் கொட்டிவிட்டது. நான் பார்த்து அழுதால், "அழாதம்மா, தைப்பூசத்துக்குப் பத்துமலையில மொட்டைக்கு வரிசையில நிக்க வேணாம்லா" என்று அவள்தான் சிரிக்க வைக்கிறாள். ஒரு வாரமாக மழை, கோலா தெர்லா பக்கம் மண் சரிந்து காய்கறி லோரிகள் அப்படியே நிற்கின்றன, அடுத்த மருந்துக்கு ஈப்போ போகும் நாளில் ரோடு திறந்திருக்குமோ என்னவோ. அங்கே சசியைப் பார்க்கும் டாக்டர் நபீலா நம் தானா ராத்தா ஊர் சலீம் பாய் மகள், அந்தப் பிள்ளை தமிழிலேயே பேசுகிறது. முதல் நாள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் உண்டா என்று கேட்டது. உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாதும்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க, நவமணி அண்ணிக்கு? சின்ன அண்ணிக்கு?" என்றேன். "அவங்க கட்டிக் கொடுத்த வீடு, அந்தக் குடும்பம் வேற, இவ எதுக்குக் குறுக்க பேசறா" என்கிறார். உன் இரண்டு அத்தைகளும் மார்பில் கட்டி வந்து நாற்பது தாண்டாமல் போனவர்கள், கூடப் பிறந்தவர் இவர், தாலி ஏறியதும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். நபீலா, "ஐயா, கட்டிக் கொடுத்தா ரத்தமுமா மாறிடும்?" என்றது. அதன் பிறகுதான் சசிக்கும் அப்பாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் மரபணுவில் ஒரே பழுது.

நான் ஐந்தாம் வகுப்புதான், ஆனாலும் புரிகிற வரைக்கும் அந்தப் பிள்ளையை விடவில்லை. உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது உள்ளே நூல் மாதிரி இருக்கும் டிஎன்ஏ முழுவதையும் பார்த்து இன்னொரு படி எடுக்குமாம். எடுக்கும்போது சில இடத்தில் அறுந்துபோகும். அறுந்தால் பக்கத்தில் அதே மாதிரி இருக்கும் நூலைப் பார்த்து உள்ளது உள்ளபடி சேர்த்துவிடும். அப்படிச் சேர்க்க உதவும் மரபணு ஆளுக்கு இரண்டு, அதில் ஒன்று சசிக்குப் பிறவியிலேயே பழுது. மற்றதும் ஏதோ ஒரு செல்லில் கெட்டுப்போக, அறுந்ததைக் கண்டபடி ஒட்டி ஒட்டி அந்தச் செல் தறிகெட்டுப் பெருகிவிட்டதாம். நீயும் சசியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் தேயிலைக் கிளையை வெட்டி நட்டால் தாய்ச் செடியே வருகிற மாதிரி பிள்ளை வராது, அது விதை மாதிரி. அப்பாவுக்கு அவருடைய அப்பா அம்மாவிடமிருந்து வந்த இரண்டு நூலும் அங்கங்கே வெட்டி மாற்றிக் கோத்துக்கொண்டு, அதில் ஒன்றுதான் பிள்ளைக்கு வருகிறது. அந்தப் பழுது உனக்கு வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. "பொம்பளைங்க நோய், எனக்கு எதுக்குமா டெஸ்ட்" என்றாயே, உன் அப்பா ஆம்பளை இல்லையா? அந்தப் பழுது அவரிடம் மீசையோடு சும்மா உட்கார்ந்திருந்துதானே மகளுக்குப் போயிருக்கிறது. அவர் இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை, "நான்தான் கொடுத்துட்டேன்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாரும் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பதில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறார். உனக்கு இல்லை என்று வந்துவிட்டால் இந்தப் பழுது உன் வழியாகத் தனுஜாவுக்குப் போயிருக்க முடியாது. உனக்கு இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்று இல்லை, அவளும் டெஸ்ட் பார்த்துக்கொண்டு வருஷா வருஷம் மார்பை ஸ்கேன் படம் எடுத்து வந்தால் சின்னதிலேயே பிடித்துவிடலாம். சசிக்குத்தான் அந்த நேரம் கிடைக்கவில்லை.

தனுஜாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று நளினி பயப்படுவது எனக்குப் புரிகிறது, நானும் பெண்ணைப் பெற்றவள். அதற்காக சசி அத்தைக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று பிள்ளையிடம் பொய் சொல்லியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை தனுஜா போன் பண்ணி, "பாட்டி, வயித்துல ஆபரேஷன்னா முடி ஏன் கொட்டுது?" என்று கேட்டாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை ஐயா, எல்லாம் சொல்லிவிட்டேன். கோபம் என்றால் என் மேல் வைத்துக்கொள். அவள் அழவில்லை, "அப்பாவே சொல்றாரான்னு இந்த மாசம் பார்க்கிறேன், இல்லன்னா நானே தனியா டெஸ்டுக்குப் போறேன்" என்றாள். அதனால் அவள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல். முதலில் உன் கையை நீட்டு, அவள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அவள் முறை வந்தால் நீ பக்கத்தில் இரு.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், அம்மன் என்றும் கூட இருப்பாள். இந்த ரத்த டெஸ்டுக்கு வெறும் வயிறு வேண்டாமாம், நபீலாவிடம் கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டே போங்கள்.

உன் அம்மா,
மணியம்மா