பாதுகாப்பு வால்வின் சிவப்புக் கோடு

அனுப்புநர்:
நீராவிப் படகு செய்பவன் (இயந்திரவியல் டிப்ளமோ),
கொட்டகை எண் 4, படகுத்துறை.

பெறுநர்:
படகுத்துறை அதிகாரி அவர்கள்.

பொருள்: என் கொதிகலனில் கைவைத்தவர் பற்றியும், படகோட்டி மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவது பற்றியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் சிறு படகுக்கு நானே ஒரு நீராவி எஞ்சின் செய்திருக்கிறேன். கொதிகலனில் அழுத்தம் ஐந்து 'பார்' அளவை எட்டினால் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டும். அந்த அளவுக்கு நட்டைத் திருகி, நட்டுக்கும் வால்வுக்கும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தேன். யார் தொட்டாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். யாரையும் நம்பாததால்தான் போட்டேன்.

2. சென்ற திங்கள் காலை சோதனையில் அழுத்தமானி எட்டைத் தாண்டியது. வால்வு வாயே திறக்கவில்லை. விசிலைத் திறந்து ஆவியை விட்டேன். முதலில் ஓடிவந்தவர் பக்கத்து டீசல் படகோட்டி. துடுப்பால் தணலை வெளியே இழுத்துப் போட்டார். ஆறிய பிறகு பார்த்தால், நட்டின் மேலிருந்த பாதிக் கோடு எதிர்ப்பக்கம் நின்றது.

3. அன்றே தங்களிடம் புகார் கொடுத்தேன். "கூப்பிடாமலே வந்தார், காத்திருந்தவர்போல வந்தார்" என்று எழுதினேன். தினமும் "என்ன கொதிகெண்டி, இன்னிக்கு டீயா, காப்பியா?" என்று கேட்கிறவர் அவர். என் படகு ஓடினால் அவர் சவாரி குறையும். வேறு யாரைச் சந்தேகப்படுவது? தாங்களும் அவர் அனுமதிச் சீட்டை வாங்கி வைத்தீர்கள். ஐந்து நாளாக அவர் படகு கட்டிக் கிடக்கிறது.

4. நேற்றுதான் நட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பல் பதிந்த தடம். ஸ்பேனருக்குப் பல் கிடையாது. குழாய் திருகும் பைப் ரிஞ்சுக்கு உண்டு. வரிசையில் மூன்றாவது பல் பதியவில்லை. மூன்றாம் பல் உடைந்த ரிஞ்ச் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. என் தந்தை பிளம்பர்.

5. அவரிடமே கேட்டேன். "ஆமா, நான்தான் இறுக்கினேன். ஞாயித்துக்கிழமை நீ தீய இழுத்துட்டுத் தண்ணி எடுக்கப் போயிருந்தே. அது பாட்டுக்கு உஸ்ஸுன்னு கசிஞ்சுக்கிட்டு இருந்துது. கசிஞ்சா இறுக்கணும்டா. இதுக்கு டிப்ளமோ வேற!" என்றார். முப்பது வருடம் கசிவைக் கண்டால் இறுக்கியே பழகிய கை. ஆவியை விடுவதுதான் வால்வின் வேலை என்றால் சிரிக்கிறார். கால் சுற்றுதான் என்கிறார். மரையை அளந்தால் ஒன்றரை. ஆகவே, இனித் தொட மாட்டேன் என்று அவர் சொல்வதையும் நான் நம்பவில்லை.

6. திங்கள் காலை சிவப்புக் கோட்டைப் பார்க்காமலே தீ மூட்டினேன். போட்டவனும் நான், பார்க்காதவனும் நான்.

ஆகவே, படகோட்டியின் அனுமதிச் சீட்டை இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டுகிறேன். தணலை இழுத்ததில் அவர் வலது கை கொப்பளித்திருக்கிறது. அதை என் புகாரில் நான் எழுதவில்லை. வால்வு நட்டுக்கு அலுவலக முத்திரை வைத்து, கொட்டகைச் சாவியைத் தாங்களே வைத்துக்கொள்ளவும். "பையனோட அப்பா" என்று யார் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

இருபதாம் தேதி சோதனை ஓட்டத்துக்கு இரண்டாவது ஆளாக என் தந்தையைக் குறிப்பிட்டிருந்தேன். அதை அடித்துவிட்டுப் படகோட்டியை எழுதிக்கொள்ளவும், அவர் இன்னும் என்னோடு பேசுவாரானால். என் தந்தை கரையில் நின்று பார்க்கட்டும். வாசலில் அவர் பையைச் சோதித்த பிறகே உள்ளே விடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: படகுத்துறை
நாள்: இம்மாதம் 14, சனிக்கிழமை

உண்மையுடன்,
(ஒப்பம்)
கொட்டகை எண் 4