நனையாத கம்பளி

மாப்ளே,

இன்று மலையடிவாரத்து உன் ஊர் சிலமலைக்குப் போயிருந்தேன். உன் வீட்டுக் கொடியில் அந்தக் கறுப்புக் கம்பளி கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். ஏலக்காயும் விறகுப் புகையும் மணத்தன. உன் வேர்வை வாடை துளிகூட இல்லை.

போன சித்திரையில் நீ வேலை பார்த்த ஏலக்காட்டிலிருந்து ஜீப்பில் இறங்கிய மறுநாளே, கூரைக்குத் தகரம் மாற்ற ஏறினாய். கீழே ஏணியைப் பிடித்து நின்ற எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"என்ன மாப்ளே, பேனாவத் தவிர எதையும் தூக்குனதில்ல. ஒனக்கு எதுக்கு இப்பிடி ஊத்துது?" என்று சிரித்தாய்.

காலையில் உனக்கும் வேர்த்தது. மதியம் உன் நெற்றி காய்ந்திருந்தது. "பாரு, மலையேறுன ஒடம்பு. ஒரு சொட்டு வருதா?" என்றாய். நானும் வியந்தேன்.

இறங்கியதும் உன் பேச்சு குழறியது. பாயில் சாய்ந்தாய். உடம்பு கொதித்தது. "குளிருது, கம்பளியக் கொண்டா" என்றாய். மலையில் காய்ச்சல் வந்தால் நீங்கள் செய்வது அதுதான். இழுத்துப் போர்த்தி, வேர்க்கும்வரை காத்திருப்பீர்கள்.

"நல்லா மூடுங்கண்ணே, வேர்த்தா எறங்கிரும்" என்றாள் உன் மனைவி. நான்தான் கழுத்துவரை மூடினேன். அரை மணி நேரம், உள்ளே கைவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உலர்ந்தே இருந்தாய்.

போடி ஆஸ்பத்திரியில் கம்பளியை உருவி எறிந்து, தண்ணீர் ஊற்றி விசிறினார்கள். சாயங்காலம் போய்விட்டாய்.

பிறகு டாக்டரிடம் கேட்டேன். கேட்டு எழுதுவதுதானே என் தொழில். உடம்பு சூடேறினால் மூளை தோலுக்கடியில் உள்ள சுரப்பிகளை முடுக்குகிறது. அவை இரத்தத்திலுள்ள நீரை வேர்வையாக வெளியே விடுகின்றன. வேர்வை வழிந்தால் மட்டும் போதாது. காற்றில் காயும்போதுதான் அது சூட்டை எடுத்துப் போகிறது. குளிர்ந்த மலையிலிருந்து வந்த உடம்பு வெயிலுக்குப் பழகச் சில நாட்களாவது வேண்டும். காய்ச்சல் இறங்கத் தொடங்கும்போது தானாக வேர்க்கும். போர்த்தி வேர்க்கவைத்து அதை இறக்க முடியாது.

"அவருக்கு வந்தது காய்ச்சலே இல்ல சார். சூட்ட வெளிய தள்ள முடியாம ஒடம்பு நின்னுபோச்சு. அதப் போய் மூடிட்டீங்க."

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஒரு வரி தப்பில்லை.

இன்று உன் மனைவி கேட்டாள்: "இன்னுங் கொஞ்ச நேரம் மூடியிருந்தா வேர்த்திருக்கும்லண்ணே?"

குறிப்பேடு என் பையில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், மூடச் சொன்னது தான்தான் என்பதும் அவளுக்கு உறைக்கும்.

"மூடுனது நாந்தான் தங்கச்சி" என்றேன்.

"நீங்க நல்லாத்தாண்ணே மூடுனீங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை மடித்தாள்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்ததில் சட்டை நனைந்துவிட்டது. பஸ் கிளம்பியதும் ஜன்னல் காற்று பட்டு, என் வேர்வை காய்ந்து, முதுகு குளிர்ந்தது. தாங்க முடியவில்லை, மாப்ளே. கண்ணாடியைச் சாத்திவிட்டேன்.