மின்னலில் போன மாமியார்

பாத்தாமில் இருக்கும் என் மகனுக்கு,

முதலில் நல்ல செய்தி. நேற்று டிவி நாடகத்தில் நான் செத்துப்போனேன். மருமகளை மழையில் துரத்திவிட்டுத் திரும்பும்போது மின்னல் தாக்கியது. ஜகார்த்தாவே கைதட்டியிருக்கும்.

காலையில் சந்தைக்குப் போனேன். நாடகம் தொடங்கியதிலிருந்து எனக்கு மட்டும் அழுகல் மிளகாயாகப் பொறுக்கிப் போடும் தார்மி, இன்று நல்லதாக அள்ளிப் போட்டாள்.

"ஒரு வழியா போய்ச் சேந்தீங்க. இப்பத்தான்க்கா மனசு ஆறிச்சு."

மத்தியானம் வாசலில் யார் தெரியுமா? நீ கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் ஊலானின் அம்மா! கையில் தேங்காய்ப்பால் விட்ட கோழிக்குழம்பு. உட்காரக்கூட இல்லை.

"நடிப்புன்னு எனக்குத் தெரியாதாங்க? ஆனா தினம் நீங்க மருமக சோத்துல விஷம் வைக்கிறதப் பாத்துட்டு, எம் பொண்ண எப்படி இங்க அனுப்புவேன்? இனிமே பயமில்ல. நாள் குறிச்சிடலாம், சம்பந்தி."

அந்தக் கடைசி வார்த்தையில் அழுதுவிட்டேன். கிளிசரின் இல்லாமல்.

போன பெருநாளுக்கு நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. குழம்பு மட்டும் பிரமாதம்.

ஒன்றை மறந்துவிட்டேன். இயக்குநர் போன் செய்தார். என் சாவை நாடே பார்த்ததாம். அந்த உற்சாகத்தில் எனக்கு ஓர் இரட்டைப்பிறவி அக்காவை எழுதுகிறார்கள்; அவளும் நானேதான். அவள் என்னைவிடக் கொடுமைக்காரியாம். பெருநாள் கழித்து வருகிறாள்.

சம்பந்தியிடம் நான் இதைச் சொல்லவில்லை. நீ பெருநாளுக்கே வந்துவிடு. அக்கா வருவதற்குள் நிக்காஹ் முடிந்துவிட வேண்டும்.

இப்போதைக்கு நல்லவளாக இருக்கும்,
உன் அம்மா