டியூபைக் கழற்றியும் கத்திய பெட்டி

காற்றில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்க ரேடியோ மெக்கானிக் பிரபாகரன் வீட்டிலேயே ஒரு பெட்டி செய்தான். சுனாமி வந்த மறு வருஷம் அது; அணுமின் நிலையத்துக்குள்ளும் கடல் புகுந்ததாக ஊரில் பேச்சு. பெட்டி விடாமல் டிக் டிக்கென்று கத்தியது. "நான் செஞ்ச பொட்டி பொய் சொல்லாது" என்று மனைவி சூர்யகலாவிடம் அடித்துச் சொன்னான். அப்படியானால் குழந்தைக்கு இங்கே என்ன வேலை என்று அவள் பிள்ளையோடு வானூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து துணி எடுத்துப் போகிறாள். இன்றும் வருவாள். பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதினான்:

"கலா, சட்டியில சங்கரா மீன் கொழம்பு இருக்குது, சாப்ட்டுட்டுப் போ. சாவிய பக்கத்து வீட்டு மங்கம்மா அக்காகிட்ட குடு.

நேத்து கதிர்வீச்சப் புடிக்கிற டியூபையே கழட்டிட்டேன், அப்பவும் பொட்டி கத்துச்சு. டியூப் இல்லாம அதுக்கு எதுவும் தெரியாது. திரும்ப கடல் தண்ணி வந்தா நனையக் கூடாதுன்னு உப்பு மூட்ட மேல வச்சிருந்தேன் இல்ல, உப்பு இழுத்த ஈரம் போர்டுல ஏறி, கரண்ட் கசிஞ்சி கத்தியிருக்குது. ஸ்பிரிட்டால தொடச்சி, காயவச்சி, இனிமே ஈரம் ஏறாம மேல உன் நெயில் பாலிஷ பூசிட்டேன். பாட்டிலே காலி. திட்டாத."

பேரை எழுதிவிட்டுக் கதவுவரை போனவன் திரும்பி வந்தான். மிச்சமிருந்த ஓரத்தில் நெருக்கி எழுதினான்:

"இப்ப எப்பவாவது ஒரு டிக் கேக்கும். அது எல்லா ஊர்லயும் இருக்கிறதுதான், பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. போறப்ப பொட்டிய ஆஃப் பண்ணிடாத. வீட்ல வேற சத்தமே இல்ல."