வெட்டு என்று சொன்னேன்

1996 மார்ச் 4, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. அப்பாவுக்குக் கால் வீக்கம் கூடியிருக்கிறது. தோட்டத்து லயத்து வீட்டுப் படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மத்தியான ரயிலில் கொழும்பு, நாளை கிளினிக். எடுக்க வேண்டியவை: கிளினிக் கொப்பி, ஸ்வெட்டர், நீர் மாத்திரை, எலுமிச்சம்பழம்.

மார்ச் 5, செவ்வாய்
டாக்டர் ஆங்கிலத்தில்தான் பேசினார். இதயம் மிகவும் பலவீனம். முதுகுத் தசையை நெஞ்சுக்குள் கொண்டுவந்து இதயத்தைச் சுற்றிப் போர்த்துவார்களாம். சின்ன பற்றரி ஒன்று அதைத் துடிக்க வைக்கும். புதிய முறை, உறுதி சொல்ல முடியாது. வெளிநாட்டுக் குழு வருகிறது. ஒருவருக்குத்தான் இடம். வெள்ளிக்குள் பதில்.

அப்பா என் முகத்தையே பார்த்தார். பட்டதாரி மகள்.

"முதுகுச் சதைய வெட்டி எடுத்து நெஞ்சுல வைப்பாங்களாம்பா."

முப்பது வருஷம் தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டியவர்.

"வெட்டுன கெள காஞ்சுதான் போகும். வேணாம்னு சொல்லிரு புள்ள."

டாக்டர் படம் வரையப் பேனாவை எடுத்தார். வெளியே நீண்ட வரிசை. எனக்குக் கூச்சம். பதிலைப் பிறகு சொல்கிறோம் என்று நன்றி சொல்லி எழுந்துவிட்டேன்.

மார்ச் 7, வியாழன்
வெயில். டாக்டர் தந்த தாளை அகராதி வைத்து இன்றுதான் முழுதாக வாசித்தேன். தசையை அறுத்து எடுப்பதில்லை. ஒரு முனை உடம்போடு இருக்கும், இரத்தக் குழாயும் நரம்பும் அறாமல். அப்படியே உள்ளே திருப்பிவிடுவார்கள்.

முழுசா வெட்ட மாட்டாங்களாம் என்று அப்பாவிடம் சொன்னேன். பாதி வெட்டினாலும் வெட்டுதானே என்றார். அம்மா சிரித்தாள். பிறகு அழுதாள்.

மார்ச் 8, வெள்ளி
டாக்டரிடம் இரண்டு நாள் தவணை கேட்டிருக்கலாம். போன் தோட்ட ஆபிசில். வாசல்வரை போனேன். கிளாக்கர் ஐயா யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன்.

மார்ச் 9, சனி
லிந்துலை டவுனுக்கு நடந்து போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்தாயிற்று. வீட்டில் சொல்லவில்லை. துணிக்குச் சவர்க்காரம் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு
பனி இல்லை. அப்பா லயத்து வாசலில் ரோசாக் கிளையை வளைத்து மண்ணுக்குள் அழுத்திக்கொண்டிருந்தார். வெட்டி நட்டால் என்ன என்று கேட்டேன்.

"பதியத்துக்கு யாரு வெட்டுவா? வேரு விடுற வரைக்கும் தாய்ச்செடிதானே தண்ணி குடுக்குது."

முதுகுச் சதையும் இப்படித்தானாம்பா என்றேன்.

கிளைமேல் ஒரு கல்லை வைத்தார். மூச்சு வாங்கியது.

"பதியம்னு சொல்லியிருந்தா அன்னைக்கே சரின்னிருப்பேனே புள்ள. நாளைக்குப் போன் போட்டு, வர்றேன்னு சொல்லிரு."

சரிப்பா என்றேன்.