சாமியறைச் சுவரில் கறை

ஒக்டோபர் 16, வியாழன்

டெங்கு பார்க்க சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயா வந்தபோது இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், ஏழு மாத வயிற்றோடு மகள் நிஷாந்தினி, கறிவேப்பிலைக்கு வந்த கீழ்வீட்டு ஹபீலா. அத்தனை பேர் முன்னால் என் மானம் போனது.

சாமியறையின் பின்சுவரே மலையைத் தாங்கும் சுவர்தான். அது அப்படியே நீண்டு குளியலறைப் பக்கத்துச் சந்துக்குள் போகிறது. சந்துச் சுவரில் கட்டும்போதே பதித்த குழாய்த் துண்டுகளிலிருந்து மண்தண்ணீர் சொட்டிச் சொட்டி, சுவரெல்லாம் செங்கறை, கீழே குட்டை. குட்டையில் புழு.

"அடுத்த முறை வழக்குப் போட்டு கோட்டுக்குத்தான் அம்மா" என்றார் ஐயா.

ஒக்டோபர் 17

பக்கவாட்டில்தான் அந்தச் சந்துக்குள் நுழைய முடியும். தும்புத்தடிக் கம்பில் பழைய பிரஷைக் கட்டி, குளோரின் ஊற்றி, முதுகு ஒடியத் தேய்த்தேன். கறை போனது. திரும்ப வராதிருக்க குழாய் வாயெல்லாம் துணி திணித்து, மேலே சீமெந்து பூசி அடைத்துவிட்டேன்.

"வெளிய வர முடியலன்னா சொல்லும்மா, சோத்தை அங்கயே தள்ளிவிடுறேன்" என்று சிரித்தாள் மகள்.

இப்போது ஒரு சொட்டு இல்லை. தீபாவளிக்கு வீடு சுத்தம்.

ஒக்டோபர் 23

மூன்றாம் நாளாக மழை. விளக்கேற்றப் போனேன். முருகன் படத்துக்குப் பின்னால் உள்ளங்கை அளவு கறை. அப்பச்சோடாவும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தேய்த்தேன். போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. குளிக்காமல் அந்த அறைக்குள் யாரையும் நான் விடுவதில்லை. பார்க்க ஆளும் இல்லை.

ஒக்டோபர் 25

திரும்ப வந்திருக்கிறது. இப்போது படத்தைவிடப் பெரிது. ஈரமண் வாடை.

சாமியறையில் ஏன்? சஷ்டி விரதத்தில் என்ன குறை வச்சேன்? வயித்துப்புள்ளைக்கு ஏதும் — வேணாம், எழுதக்கூடாது. மஞ்சள் தண்ணீர் தெளித்து மறுபடி தேய்த்தேன்.

ஒக்டோபர் 27

தேய்த்தேன். போகவில்லை.

ஒக்டோபர் 28

தேய்க்கும்போது சுவர் கைக்கு மெத்தென்று இருந்தது. அழுத்தினேன். பெயின்ட் தோலாகக் கழன்று, உள்ளேயிருந்து களிமண் விரலோடு வந்தது. சுவர் புடைத்து வயிறு வைத்திருந்தது.

அப்போதுதான் புத்தியில் பட்டது. குழாயில் சொட்டாத மலைத்தண்ணி எங்க போச்சு?

உளியோடு சந்துக்கு ஓடினேன். முதல் அடைப்பைப் பெயர்த்ததும் தண்ணீர் பீய்ச்சி நெஞ்சில் அடித்தது. மற்றக் குழாய்களையும் திறந்தேன். மண்ணாகவே ஒழுகுகிறது. சாமியறைக்கு அடுத்த அறையில்தானே மகளின் கட்டில்.

அவரிடம் சொன்னேன். "அதான் தொறந்துட்டியே, வடிஞ்சிரும். புள்ளத்தாச்சிய கூட்டிக்கிட்டு யார் வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?"

"செவரு வந்து விழுந்தா வாசலுக்குக்கூட போக முடியாதுங்க."

சத்தம் கேட்டு ஹபீலா ஏறி வந்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தவள் மகளின் பையைத் தூக்கினாள். "வாங்கக்கா, எங்கூட்டுக்கு. யோசிக்கிறத அங்க இருந்து யோசிக்கலாம்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

ஒக்டோபர் 29

ராத்திரி மலை சரிந்து சாமியறை போய்விட்டது. மண் மகளின் கட்டில்வரை வந்து நிற்கிறது. கட்டிலில் யாரும் இல்லை. முருகா.

நவம்பர் 1, சனி

கிராம சேவகரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று. மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் வரும்வரை எங்கள் வீட்டுப் பக்கம் போகக்கூடாதாம். நிஷாந்தினி இங்கே நன்றாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

சும்மா இருக்கப் பிடிக்காமல் ஹபீலாவின் குசினிப் பின்கதவில் படிந்த எண்ணெய்ப்பிசுக்கைத் துடைத்தேன். சவர்க்காரத் தண்ணீரில் சட்டென்று வந்தது. துடைத்து முடித்துச் சாத்தினால், கதவு நிலைக்குள் போகவில்லை.

"அது அப்பிடித்தான் அக்கா" என்றாள் ஹபீலா. "இவர்தான் போன கிழமை அரத்தால ராவிவிட்டார். நேத்திலேந்து திரும்பப் புடிக்கிது. மழைக்கு ஊதிரிச்சு போல."

இரும்புக் கதவு. இரும்பு மழைக்கு ஊதுமா?

துணி கையிலிருந்து விழுந்தது. நான் மனசுக்குள் கேட்டது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, பாயில் தூங்கிய தன் மகள் நுஹாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் புருஷன் பஹ்மி கதவையும் நிலையையும் கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வாடகைக்கு வான் ஓட்டுகிறவனைக் கூப்பிடப் போனார்.

தெல்தெனியாவில் இருக்கும் என் அண்ணன் ராஜலிங்கத்துக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன். போட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"அண்ணே, நாங்க மூணு பேர், ஹபீலா குடும்பம் மூணு பேர். மலை இந்த வீட்டையும் தள்ளுது. அவங்கள விட்டுட்டு நான் வர மாட்டேன். பாய் போட இடம் போதும். வான் வந்துரும். சீக்கிரம் பதில் சொல்லுங்க."