உன் ஜோடி வந்துட்டாளா?

அக்கா,

இன்று காலை ஒருவன் வந்து என் கையில் ஒரு தொப்பியைத் திணித்துவிட்டுப் போனான். நீலத் தொப்பி, முன்னால் ஏதோ டிராவல்ஸ் பெயர். பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் புது ரப்பர் செருப்பு நாற்றம் குப்பென்று அடித்தது. நாம் இருவரும் கன்னியாகுமரிக்குப் போனபோது தலைக்கு ஒன்று என்று கொடுத்தார்களே, அதே நாற்றம். அன்று அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “இதைத் தலையில வச்சா பேன்கூட எறங்கி ஓடிரும்டி” என்றீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு ஓசித் தொப்பி உங்களைக் கொண்டுவந்து என் நடுவீட்டில் உட்கார வைத்துவிட்டது.

தொப்பிக்காரனுக்கு வாய் ஓயவில்லை. “மேடம், கேரளா போட் ஹவுஸ். மூணு நாள், ரெண்டு நைட். சீனியர் சிட்டிசன் ஸ்பெஷல். நீங்க எதுவுமே பண்ண வேணாம், சும்மா எக்ஸ்பீரியன்ஸ் பண்ணுங்க.” எதுவுமே பண்ணாம கெடக்க எனக்கு என் வூட்டுக் கட்டிலே போதும் தம்பி, அதுக்கு எதுக்குக் கேரளா வரைக்கும் போவணும் என்றேன். காதில் விழாதவன் போலச் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டான்.

இப்போதெல்லாம் யாரும் ஊர் பார்க்கப் போவதில்லை அக்கா. எக்ஸ்பீரியன்ஸ் பண்ணுகிறார்கள். வாழைத்தோப்புக்குள் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போய் ‘நேச்சர் வாக்’ என்று பேர் வைக்கிறார்கள். நம் ஊரில் அதற்குக் கொல்லைக்குப் போறது என்று பேர். போன மாசம் விக்கிரமங்கலம் பக்கம் ஒரு வயலில் சென்னையிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியதைப் பார்த்தேன். ஆளுக்கு நாலு நாற்று நட்டார்கள், நாற்பது போட்டோ எடுத்தார்கள், கையில் மருந்துத் தண்ணியைத் தேய்த்துக்கொண்டு ஏசி வேனுக்குள் ஏறிக்கொண்டார்கள். நட்டது அத்தனையும் கோணல். வேன் போன பிறகு வயலுக்காரி எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்ப நட்டாள். என்னாடி இந்தக் கூத்து என்று கேட்டேன். “அவங்களுக்கு இதான் லீவாம்க்கா” என்றாள். தூ! நாத்து நட்டால் இடுப்பு போகுதென்று ஊரை விட்டு ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இவர்கள்.

அதற்காக நம் பழைய டூர்கள் ஆகா ஓகோ என்று நான் மூக்கைச் சிந்தப் போவதில்லை. நாறின. நீங்கள் கீழப்பழுவூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், நான் தபால் ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவள். மே மாச லீவு விட்டதும் அரியலூரிலிருந்து பஸ் பிடித்து நாற்பது பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவோம். திண்டுக்கல் தாண்டும் முன்பே பாதிப் பேர் வாந்தி. ரெண்டாம் நாள் புளிச்சோறு ஊசிப்போகும், ஆனாலும் தின்னாமல் விடமாட்டார்கள். தங்குகிற மண்டபத்தில் நாற்பது பேருக்கு ரெண்டு கக்கூஸ். சன்னல் சீட்டுக்காக நடந்த சண்டையில் ஒருத்தி இன்னொருத்தியின் சடையைப் பிடித்து இழுத்து, பாம்பன் பாலமே தெரியாமல் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தோம். இதையெல்லாம் இப்போது நினைத்து உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆனால் ஒன்று. அத்தனை வருஷத்தில் ஒரு பொம்பளையைக்கூட நீங்கள் எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை.

அதற்கு நீங்கள் ஒரு வழி வைத்திருந்தீர்கள். பஸ் ஏறும்போதே ரெண்டு ரெண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவீர்கள். பஸ் கிளம்பும் முன் யாரும் தன் பெயரைச் சொல்லி ‘நான் வந்துட்டேன்’ என்று சொல்லக்கூடாது. தன் ஜோடி வந்துவிட்டாளா என்றுதான் சொல்ல வேண்டும். “நான் வந்துட்டேன்னு கழுதைகூடக் கத்தும். பக்கத்துல இருந்தவ வந்தாளான்னு சொல்லுங்கடி” என்பீர்கள். அதிலும் உங்கள் குசும்பு இருக்கிறதே! மாமியாளுக்கு மருமகளை ஜோடி போடுவீர்கள். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு பேரை ஒரே சீட்டில் உட்கார வைப்பீர்கள். ஏன்க்கா இப்படி என்று கேட்டால், “சிநேகிதக்காரி அசந்துருவா. பகையாளிதான் கண்ணை எடுக்க மாட்டா” என்பீர்கள். அது உண்மைதான். மருமகள் எந்தக் கடையில் என்ன வாங்கினாள் என்பது வரை மாமியாளுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படி ஊரையே கட்டி மேய்த்த உங்களுக்கு ஒரே ஒரு குறை. ரெண்டு தடவை கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போயும் சூரியன் கடலிலிருந்து எழுவதை நீங்கள் பார்க்கவில்லை. முதல் தடவை எல்லாருடைய பைகளையும் காவல் காத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். ரெண்டாம் தடவை பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி நாற்பது பேருக்கு உப்புமா கிண்டிக்கொண்டிருந்தீர்கள். பார்த்துவிட்டு வந்தவளுகள் எல்லாம் “ஆத்தாடி, தட்டு மாதிரி எழுந்துச்சுக்கா” என்று உங்களிடமே வந்து சொல்லிவிட்டு உப்புமாவுக்குச் சர்க்கரை கேட்டார்கள். ரிட்டயர் ஆன பிறகு, முட்டி தேய்ந்து படி ஏற முடியாமல் போன பிறகு, ஒருநாள் சொன்னீர்கள். “ஒரே ஒரு தடவை, யாரு தலையையும் எண்ணாம, சும்மா போயி நின்னு அதப் பாத்துட்டு வந்துடணும்டி. அப்புறம் எங்கயும் போவ வேணாம்.”

நான்தான் அந்தப் பேக்கேஜைப் பிடித்தேன். பெரம்பலூரில் ஏறி விடியலுக்குக் கன்னியாகுமரி. சூரியனைப் பார்த்த பிறகுதான் ரூம். ‘கடல் பார்த்த அறை’ என்று போனில் போட்டோ இருந்தது. போய்ப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே மதில் சுவர், அதில் கடல் படம் வரைந்திருந்தது. ‘வெல்கம் டிரிங்க்’ என்று கொடுத்தது கல்யாண வீட்டு ஆரஞ்சுக் கலர்த் தண்ணி. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கோ-ஆர்டினேட்டர் பையன். தலைகளை எண்ணுவது அவனுக்குக் கேவலம். வாட்ஸப் குரூப்பில் ‘ஆல் ஓகே?’ என்று ஒரு செய்தி போடுவான், எல்லாரும் கட்டைவிரல் படம் போட வேண்டும். உங்களிடம் பட்டன் போன்தான் என்பதால் உங்களுக்கும் சேர்த்து நானே ரெண்டு கட்டைவிரல் போட்டுக்கொண்டு வந்தேன். நீங்கள் எட்டிப் பார்த்து, “விரல் வந்தா ஆள் வந்த மாதிரியா? நல்லா இருக்குடி இவன் பொழப்பு” என்றீர்கள்.

நாகர்கோவிலுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் பாத்ரூம் போக நிறுத்தினார்கள். கிளம்பும்போது நாற்பதுக்கு முப்பத்திரண்டு விரல்தான் விழுந்தது. மீதிப் பேர் தூங்குகிறார்கள் என்று அவனே முடிவு கட்டி விசில் ஊதினான். பஸ் அரைக் கிலோமீட்டர் போயிருக்கும். நீங்கள் எழுந்து நின்றீர்கள். “தம்பி, வண்டிய நிறுத்து. ஒரு ஆள் கொறையுது.”

நமக்கு முன் சீட்டு காலியாக இருந்தது. விக்கிரமங்கலத்து அம்மா. தனியாக வந்திருந்தார், மகன் சிங்கப்பூரிலிருந்து புக் பண்ணி அனுப்பியிருந்தான். அவருடைய போன் பைக்குள்ளேயே கிடந்து டிங் டிங் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பச் சொன்னீர்கள். அந்தப் பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “சன்ரைஸ் போயிடும்மா. அப்புறம் எல்லாரும் ரிவ்யூல ஒரு ஸ்டார் குத்துவாங்க.” பின்னாலிருந்து ஒரு பெரிய மனுஷன், “ஒருத்தருக்காகச் சூரியன் நிக்குமா?” என்று கத்தினான். அத்தனை பேரும் படித்தவர்கள் அக்கா. ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் கம்பியைப் பிடித்து, ஒரு பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினீர்கள். கடைசிப் படியில் நின்று என்னைப் பார்த்தீர்கள். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். “ரெண்டு பேரும் எறங்கிட்டா பையை யாருக்கா பாக்குறது?”

பையாம் பை! அதில் ரெண்டு சேலையும் ஒரு முறுக்குப் பொட்டலமும் இருந்தது. ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் இத்தனை நேரம் காறித் துப்பினேனே, அந்த எச்சிலில் முக்கால்வாசி என் மேலேயே விழ வேண்டும். எனக்குச் சூரியனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் “ஆமா, பையப் பாத்துக்க. நாங்க ஆட்டோவுல வந்துடுறோம்” என்று சொல்லிவிட்டு இருட்டு பிரியாத ரோட்டில் விந்தி விந்தித் திரும்பி நடந்தீர்கள்.

கடற்கரையில் இறங்கியதும் அவன் மறுபடி விரல் கேட்டான். ஆபீசுக்கு அனுப்ப வேண்டுமாம். நான் போட்டேன். பழக்க தோஷத்தில் ரெண்டு. உங்கள் விரலையும் நானே போட்டேன் அக்கா, நீங்கள் ஏதோ ஒரு ரோட்டோரத்தில் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தபோது.

நீங்கள் வந்து சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. விக்கிரமங்கலத்து அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “என்னாலதான், என்னாலதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்கள் நேராக என்னிடம் வந்து கேட்டீர்கள். “தெரிஞ்சுதாடி?”

“எங்கக்கா தெரிஞ்சுது! ஒரே மேகம். ஏமாந்ததுதான் மிச்சம்” என்றேன்.

உங்கள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “அப்பாடா” என்றீர்கள். அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா? மேகம் மூடிடுச்சாம். இங்க நின்னவங்களே பாக்கல. நான் ஒண்ணையும் விட்டுடல, அழுவாதீங்க” என்றீர்கள். அந்த அம்மா அதற்குப் பிறகுதான் ஒரு வாய் டீ குடித்தார்.

ஊர் திரும்பும்போது பஸ் டிவியில் அந்தப் பையன் ‘நம்ம டிரிப் மெமரீஸ்’ என்று படம் ஓட்டினான். எடுத்த எடுப்பில் சூரியன்தான். செக்கச் செவேலென்று, ஒரு பொட்டு மேகம் இல்லாமல். கூட்டமெல்லாம் கையைத் தூக்கி, சூரியனை விரலுக்கு நடுவில் பிடிப்பது போலப் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. முன் சீட்டிலிருந்து அந்த அம்மா திரும்பி, “ஏம்மா, மேகமுன்னு சொன்னீங்க?” என்று கேட்டார்.

“அட, இது போன வருஷம் எடுத்ததா இருக்கும். ரூமுக்குக் கடல் படம் காட்டினவனுங்கதானே? எல்லாம் பழைய படத்தப் போட்டு ஓட்டுவானுங்க” என்றீர்கள். பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னீர்கள். என் பக்கம் திரும்பவில்லை. டிவியையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். அந்தக் கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன், எப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன் என்பதெல்லாம் படத்தில் தெரிந்தது.

அதற்கப்புறம் நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டி” என்று நாலைந்து தடவை சொன்னீர்கள். ஆடியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. கடைசி வாரம் முழுக்க உங்கள் பக்கத்தில்தான் இருந்தேன். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. நீங்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அப்படியே விழுந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். நீங்கள், “கஞ்சி குடிச்சியாடி?” என்றுதான் கேட்டீர்கள்.

இந்த மடலில், அந்தச் சூரியன் ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை அக்கா, நீங்கள் பார்க்காததில் நட்டமில்லை என்று எழுதிவிடத்தான் உட்கார்ந்தேன். டிராவல்ஸ்காரன், கோ-ஆர்டினேட்டர், நாத்து நட்ட கூட்டம் என்று எல்லாரையும் திட்டிக்கொண்டே வந்தால் அதையும் சேர்த்துத் திட்டிவிடலாம் என்று பார்த்தேன். வரவில்லை. மறுபடி பொய் எழுதக் கை கூசுகிறது.

நல்லா இருந்துச்சுக்கா. முதலில் கடல் ஓரத்தில் நகம் அளவுக்குச் சிவப்பு, அப்புறம் மெதுவாக, ஒரு மேகம்கூட இல்லாமல், முழுசாக மேலே வந்தது. அவ்வளவு நல்லா இருந்துச்சு.